என் அடுப்புச் சாம்பலும் டாம்சினின் மாவுத் தட்டும்

நெதர்கோம்ப்,
சாமர்செட்.
பிப்ரவரி, வியாழக்கிழமை. மழை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய ஐரிஸ் அக்காவுக்கு,

தங்கை லோர்னா எழுதுவது. இங்கே நானும் நார்மனும் கோழிகளும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் புது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுமென்று உன் தேவாலயத்துச் சாமியிடமும் என் அடுப்படிச் சாமியிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். இருவரில் யாருக்குக் காது நன்றாகக் கேட்கிறதோ அவர் கவனிக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய மர்மலேட் தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருகிறேன்.

வரும்போது என்று எழுதியதைக் கவனித்தாய் அல்லவா? விஷயம் அதுதான். ஈஸ்டருக்கு உன் சர்ச்சில் பூ வைக்கிறவர்களின் முறையில் ஓரிடம் காலியாக இருந்தால் என் பெயரைப் போட்டு வை. நான் சர்ச்சுக்கே திரும்பி வந்துவிடலாமென்று இருக்கிறேன். நீ எழுந்து நின்று கைதட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது; உட்கார் அக்கா. காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் தட்டு.

காரணத்தின் பெயர் டாம்சின்.

பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதே. பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது? முப்பத்தைந்து வயது, தலையில் பாதி முடி பச்சை, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை, அந்தக் கடைக்கு மேலேயே வாடகைக்கு ஒரு வீடு. சிரித்தால் அழகாக இருப்பாள். சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான். அவள் வருவதற்கு முன்னால் எனக்கு நெஞ்செரிச்சல் என்ற ஒன்றே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு மாத்திரை வாங்கப் போனபோது எங்கள் கூட்டத்து பெர்னார்ட், அவர்தான் இங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இது சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற எரிச்சலுக்கு லோர்னா. கூட்டத்துக்கு அப்புறம் வர்றதுக்கு இது கேக்காது" என்றார். பட்டணத்து மருந்துக்கடையாக இருந்தால் இப்படிப் பேசுவார்களா?

என் கதை உனக்குத் தெரியும். அப்பா காலமான வருஷம், ஊருக்கு வரும் நூலக வண்டியில் சமையல் புத்தகமென்று நினைத்து நான் எடுத்து வந்தது பழைய சாமிகளைப் பற்றிய புத்தகம். அதில் பிரிஜிட் அம்மா இருந்தாள். அடுப்புக்கும் ஆட்டுப்பாலுக்கும் பிரசவத்துக்கும் கவிதைக்கும் அவள்தான் தெய்வம் என்று படித்ததும், இத்தனை நாள் இவளிடம்தானே பேசிக்கொண்டிருந்தேன், பெயர்தானே தெரியவில்லை என்று தோன்றியது. நீ அன்றைக்குத் தொலைபேசியில் அழுதாய். அத்தான், "போகட்டும் விடு, குதிரைப் பந்தயத்துக்குப் போகலையே" என்று சமாதானம் சொன்னார். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை அக்கா. நானாகப் படித்தேன், நானாகச் செய்தேன். வீட்டுக் கணக்கில் ரொட்டி, கரி, கோழித் தீனி என்று போட்டுவிட்டு அடுத்து 'அம்மா' என்று ஒரு பத்தி. அவளுக்கு வாங்கும் தேன்மெழுகு வத்தியும் வெண்ணெயும் அதில் ஏறும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மாதம் அந்தப் பத்தி காலியாக இருந்ததில்லை. நார்மனுக்குப் பித்தப்பை அறுத்த வருஷம் ஒன்றில் மட்டும் விழா செய்ய முடியவில்லை. அன்று நாங்கள் இருவருமே ஆஸ்பத்திரியில் இருந்தோம். அப்போதும் நர்ஸிடம் வெண்ணெய் வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

எங்கள் கூட்டம் எப்படி என்று நீ கேட்டதே இல்லை, இப்போதாவது சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மதுக்கடையின் பின்னறையில், அம்பு எறிகிற பலகைக்குக் கீழே கூடுவோம். ஒன்பது பேர், பதினாலு சாமி. கிளைவ் சார் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது துருயிட், அதாவது பழங்காலத்து வனப் பூசாரி. வெள்ளை அங்கியும் அதற்குள் கம்பளிச் சட்டையுமாக ஓக் மரத்தையும் சூரியனையும் கும்பிடுவார். டென்சில் குழாய் வேலை செய்கிறவர். அவருக்கு வட ஐரோப்பாவின் ஒற்றைக் கண் சாமி ஓடின், கழுத்தில் சுத்தியல் டாலர், படையல் பீர். படைத்ததை மண்ணில் ஊற்றும்போது அவர் முகம் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பெர்னார்டுக்குச் சாமியே கிடையாது. இல்லை என்று அடித்துச் சொல்வார், ஆனால் எந்தப் பூஜையானாலும் முதல் ஆளாக வந்து உட்காருவார். "இல்லாத சாமிய எதுக்குக் கும்புடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லாததாலதான் லோர்னா. இருந்தா அவங்க வேலைய அவங்களே பாத்துப்பாங்க" என்றார். இன்னொருவர் எல்லாச் சாமியும் ஒரே சாமிதான் என்பார், அவர் மனைவி ஒரே சாமியே எல்லாம் என்பார், காரில் வீட்டுக்குப் போகிற வரைக்கும் அது அவர்களுக்குள் சண்டை. ஒருவரைப் பார்த்து ஒருவர் 'நீ செய்வது தப்பு' என்று சொல்லக் கூடாது. எங்களுக்கு இருக்கிற ஒரே சட்டம் அதுதான், அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

உனக்கென்ன அக்கா, உனக்குப் பாதிரியார் இருக்கிறார், அவருக்கு மேலே பிஷப் இருக்கிறார். போன வருஷம் எவளோ ஒருத்தி லில்லிப் பூவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பூ வைத்தாள் என்று நீ நாலு பக்கம் எழுதிப் போட்டாயே, எனக்கு அப்படி எழுத யார் இருக்கிறார்கள்? டாம்சின் செய்வதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அவள் அக்டோபரில் வந்தாள். மழைக் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே எல்லோருக்கும் நண்பி ஆகிவிட்டாள். நான்தான் மரியாதைக்கு, "உன் சாமி யாரும்மா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் லோர்னாக்கா. பூனை மொகத்தோட எகிப்துல ஒருத்தி, உங்க பிரிஜிட், அப்புறம் நம்ம ஊர் ஆத்துத் தண்ணில ஒருத்தர் இருக்கார். அவர் பேரு தெரியல."

"பேரே தெரியாம எப்படிக் கும்புடுவ?"

"அவருக்கு என் பேரு தெரியுமே!"

அறையே 'ஆகா' என்றது. கிளைவ் சார் பேனா எடுத்து அதைக் காகிதக் கைக்குட்டையில் எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன், அவர் ஒரு புள்ளி கூட வைத்துக்கொண்டதில்லை. அவள் வீட்டுப் பூஜை அலமாரியை நவம்பரில் கூட்டத்தாரோடு போய்ப் பார்த்தேன். பிரிஜிட் அம்மா இருக்கிறாள், சரி. பக்கத்தில் பூனைத் தலைக்காரி, தோட்டக் கடையில் வாங்கிய சிமெண்ட் புத்தர், அவருக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர். "இது என்னம்மா?" என்றால், "முன்னோருங்கக்கா. நமக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்தவங்க இல்லியா?" என்கிறாள். பெர்னார்ட் அதற்குத் தலை வணங்கினார். என் அலமாரிக்கு அவர் ஒருநாளும் தலை வணங்கியதில்லை. வாரம் இருமுறை துடைக்கிற அலமாரி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், தேநீர் போட்டுக்கொண்டு வந்து படி. குளிர் முறிந்து ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் பிப்ரவரி பிறக்கிறதே, அதுதான் எங்களுக்கு இம்போல்க், பிரிஜிட் அம்மாவின் நாள். முதல் நாள் மாலை அடுப்பைத் தணியவிட்டு, சாம்பலை வாரிப் பரப்பி, கரண்டியின் முதுகால் தடவித் தடவி இஸ்திரி போட்ட விரிப்பு மாதிரி வைக்க வேண்டும். பக்கத்தில் ரொட்டியும் வெண்ணெயும். அம்மா இரவில் எல்லா வீட்டுக்கும் வருவாள். மனசு குளிர்ந்தால் சாம்பலில் அவள் கையோ காலோ கோலோ பட்ட தடம் விடியற்காலையில் இருக்கும். தடம் இருந்தால் அந்த வீட்டை அவள் தன் வீடு என்று சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். நான் பரப்புகிற சாம்பலை நீ பார்க்க வேண்டும் அக்கா. நார்மனே, எதையும் கும்பிடாத மனுஷன், பாலையும் நேரத்தையும் தவிர எதையும் நம்பாதவர், முப்பது வருஷம் பால் வண்டி ஓட்டிய பழக்கத்தில் இன்றைக்கும் கோழிக்கு முன்னால் எழுந்து தேநீர் போடுகிறவர், அவரே கதவருகில் நின்று, "பிரமாதம் லோர்னா, ஐஸ் போட்ட கேக் மாதிரி இருக்கு" என்பார்.

தடம் வந்ததில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் காலையில் இரவு உடையோடு இறங்கி வந்து பார்ப்பேன். தடவி வைத்தது தடவி வைத்தபடியே இருக்கும். ஒரு வருஷம் சாம்பல் மெல்லியதாக இருந்ததால் தெரியவில்லையோ என்று அடுத்த வருஷம் கனமாகப் பரப்பினேன். புகைபோக்கியைத் துடைக்க ஆள் வைத்தேன். ஆட்டு வெண்ணெய்க்கு மாறினேன். அந்த வெண்ணெயிலும் விழாக் காலையில் பார்த்தால் கறுப்பாக ஒரு கீற்று ஓடியிருக்கும், புகைபோக்கிக் கரி என்று வழித்துப் போட்டுவிடுவேன். அப்புறம் கூட்டத்தார் எல்லோரும் என் வீட்டுக்கு வருவார்கள். விழா என்றால் இத்தனை வருஷமாக என் வீட்டு அடுப்புதான், சோம்பு போட்ட என் கேக்தான். யாராவது, "என்ன லோர்னா, அம்மா வந்தாங்களா?" என்பார்கள். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லி அடுப்பை மூட்டுவேன். பெரிய அருள் கிடைத்தவளைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்ப்பார்கள். அந்த மரியாதையில்தான் அக்கா நான் கேக் வெட்டினேன்.

ஜனவரிக் கூட்டத்தில் இந்த வழக்கத்தை டாம்சினுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? நான். இந்த வாயால்.

"என் வீட்ல அடுப்பே இல்லியேக்கா. வீட்டச் சூடாக்கற கேஸ் பாய்லர் மட்டும்தான் இருக்கு."

"எதையாவது பரப்பி வை. மனசுதானே முக்கியம்" என்றேன். மனசு முக்கியம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அடுப்பே இல்லாதவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியத்தில் பெருந்தன்மை தாராளமாக வந்தது.

அவள் என்ன செய்தாள்? கேக் சுடுகிற தட்டில் மாவைக் கொட்டினாள். அதுவும் சாதா மாவு இல்லை, தானாக உப்புகிற மாவு. தட்டைக் கொண்டுபோய் பாய்லருக்கு அடியில் வைத்தாள். "வீட்டுல நெருப்பு இருக்கற எடம் அதுதானேக்கா, சின்னதா நீலமா எரியுதே" என்று அதற்கு ஒரு விளக்கம். கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். வெண்ணெய் கூடப் படைக்கவில்லை. பாதி சாக்லேட் படைத்தாள். மீதிப் பாதி அவள் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் சாம்பல் வழக்கம் போல விரிப்பு மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"லோர்னாக்கா! வந்துட்டாங்க! தடம் இருக்கு! நீங்க சொன்ன மாதிரியே! எல்லாரும் வர்றாங்க, நீங்களும் வாங்க, நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

எல்லாரும் என் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? கேக் மேசையில் இருக்கிறது. கேக்கைத் துணி போட்டு மூடிவிட்டு, நல்ல கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். நாடா எதற்கு என்று கேட்காதே. எதையும் அளந்து பார்ப்பது என் பழக்கம்.

நாய்க்கடை மாடியில் நாய் சோப்பு வாசனைக்கு நடுவே அந்தத் தட்டைச் சுற்றி எல்லோரும் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாவில் தடம் இருந்தது அக்கா. நான் பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. கிளைவ் சார் கண்ணில் அது மூன்று ஒளிக்கதிர், துருயிட்களின் அடையாளம். டென்சிலுக்கு அது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து, பயணம் என்று பொருளாம், "ஓடின் கூட வந்துட்டுப் போயிருக்காரு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அது பூனை! நாலு விரல், நடுவில் ஒரு மெத்தை. டாம்சினின் சாம்பல் நிறப் பூனை ஜன்னல் மேடையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது, காலில் மாவு. அந்தப் பூனையைப் பார்த்த அளவு ஆசையாக நான் எந்த ஜீவனையும் பார்த்ததில்லை.

"டாம்சின், சொன்னா வருத்தப்படாதம்மா," என்றேன், எவ்வளவு வருத்தமான குரல் வருமோ அவ்வளவு வருத்தமாக. "இது பூனைக் காலு."

"ஆமாக்கா, பூனைதான்!" என்று கையைத் தட்டினாள். "நல்லாத் தெரியுதுல்ல? அது பொறந்ததுலேர்ந்து பாய்லர் பக்கம் போனதே கெடையாதுக்கா, சத்தத்துக்குப் பயம். நேத்து மட்டும் போயிருக்கு. யாரு கூப்பிட்டிருப்பாங்க?"

பெர்னார்ட் மெதுவாகச் சொன்னார்: "பூனைதான். வேற ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் தலை குனிந்தார். சாமி என்கிறவர்களும் பூனை என்கிறவர்களும் ஒரே தட்டைக் கும்பிடுகிறார்கள், ஒருத்தருக்கும் ஒருத்தரோடு சண்டை இல்லை, எல்லார் முகத்திலும் வெளிச்சம். எனக்கு மட்டும் பெர்னார்ட் மாத்திரை வேண்டியிருந்தது.

சரி, பூனைக்காலா இல்லையா என்று அளந்தே காட்டிவிடலாமென்று நாடாவை எடுத்தேன். ஒரு முனையைத் தட்டின் விளிம்பில் வைத்து, மறுமுனையைப் பூனையின் கால் பக்கம் கொண்டுபோனேன். பூனை அதைப் பூச்சி என்று நினைத்துப் பாய்ந்தது. நான் பின்னால் சாய்ந்தேன், முழங்கை தட்டில் இடித்தது, தட்டு நிமிர்ந்தது, பூனை, தடம், ஒளிக்கதிர், ஓடின், எல்லாம் சேர்ந்து என் மேல் கவிழ்ந்துவிட்டது. என் கண்ணிமை மேலேயும் மாவு. ஒருத்தியின் புனிதத் தடத்தை நான் அழித்துவிட்டேன் என்று யாராவது திட்டியிருந்தால் நான் திரும்பத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். டாம்சின் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயோ அக்கா, பாருங்களேன்! தட்டுல இருந்தவங்க இப்ப உங்க மேலயே எறங்கிட்டாங்க!"

கைதட்டினார்கள் அக்கா.

அப்புறம் என் கோட்டைத் தட்டலாமா கூடாதா என்று விவாதம். "அது அருள் பட்ட மாவு, ஓடற தண்ணில விடணும்" என்றார் கிளைவ் சார். "நெருப்புலதான் போடணும்" என்றார் டென்சில், கோட்டோடவா என்று நான் கேட்டதற்கு யோசித்தார். "தூசி உறிஞ்சற மெஷின் இருக்கா?" என்றார் பெர்னார்ட். அவரவர் வழிப்படி எல்லோரும் சரி, ஆகையால் ஒருவரும் என்னைத் தொடவில்லை. அப்படியே கிளம்பினேன். வெளியே தூறல். தானாக உப்புகிற மாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நினைவுத்தூணைத் தாண்டுவதற்குள் தோளில் பிசைந்த மாவாகிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து சர்ச் விட்டது. ஊரிலுள்ள கிறிஸ்தவர்கள் அத்தனை பேரும் குடையோடு வரிசையாக வெளியே வருகிறார்கள், நான் ரொட்டி மாதிரி நடந்து போகிறேன். உங்கள் பாதிரியாரைப் போலத்தான் இங்குள்ளவரும், நல்ல மனுஷர், தொப்பியைத் தூக்கி, "இன்னிக்கு உங்களுக்கும் விழாதானே, மிஸஸ் ஹக்கர்? ஆசீர்வாதம்!" என்றார். அவருக்கு இதுவும் எங்கள் சடங்கில் ஒன்று என்று எண்ணம். மறுநாள் சலவைக்கடைக்காரி கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத வெளுக்கணுமா, சுடணுமா?" என்றாள். சலவைக் கூலியை எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை. துணியா, 'அம்மா'வா? இன்னும் எழுதவில்லை. என் கணக்கில் முதல் முறையாக ஒரு ரசீது வெளியே கிடக்கிறது.

இதோடு போயிருந்தால் பூவைப் பற்றி உனக்கு எழுதியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் கிளைவ் சார் தொண்டையைச் செருமினார். "நான் என்ன நெனைக்கறேன்னா, அடுத்த வருஷம் இம்போல்க்க டாம்சின் வீட்ல வெச்சுக்கலாமா? அங்க ஒரு... நடமாட்டம் இருக்கு." நடமாட்டம்! என் வீட்டில் என்ன இருக்கிறது, கேக்கா? எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்கள். அதைவிட மோசம், டாம்சின் எழுந்து, "வேணாம் சார், லோர்னாக்கா வீட்லயே வெச்சுக்கலாம். அவங்க வீட்ல அம்மா எத்தன வருஷமா வந்துட்டுப் போயிட்டு இருக்காங்க, என் வீட்ல இப்பதானே" என்றாள். என் பக்கம் திரும்பி, "இல்லியாக்கா?" என்று வேறு கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "எனக்கு நெஞ்சு எரியுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா, இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன், நீ நியாயமாகச் சொல். அந்தப் பெண்ணுக்குப் பெயர் தெரியாத சாமி வருகிறது, பூனை அனுப்பி வைக்கிறது, பாதி சாக்லேட்டுக்கு வருகிறது. நான் என்ன குறை வைத்தேன்? ஆட்டு வெண்ணெய் குறையா? சாம்பல் குறையா? அவரவர் வழியில் போனாலும் எல்லோரும் போய்ச் சேரலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். அப்படியானால் என் வழி மட்டும் ஏன் எங்கேயும் போய்ச் சேரவில்லை? ஒரே ஒரு தடவை, ஒரு விரல் பட்டிருந்தால் போதும். நான் யாருக்கும் காட்டியிருக்கக் கூட மாட்டேன். சரி, டாம்சினுக்கு மட்டும் காட்டியிருப்பேன்.

உன் சாமி யார் வீட்டுக்கும் தனியாக வருவதில்லை, எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பொது. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதனால்தான் பூ. லில்லியோ டாஃபடிலோ, எது கொடுத்தாலும் வைக்கிறேன். பிளாஸ்டிக் பூக்காரிக்குப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதே, ஒருத்தி போதும் எனக்கு.

உன் வீட்டு அடுப்பு புகையாமல், அத்தானின் முழங்கால் கிறீச்சிடாமல், உன் லில்லிப் பூக்கள் ஈஸ்டருக்கு முன்னால் தலை சாயாமல் இருக்க, எந்தச் சாமியின் பெயரில் என்று இந்த நிமிஷம் சொல்லத் தெரியாமல் வாழ்த்துகிறேன். அத்தானுக்கு நார்மனின் விசாரிப்பு.

உன் பிரியமுள்ள தங்கை,
லோர்னா

பி.கு.: அக்கா, பூ முறையில் என் பெயரை எழுதிவிட்டாயானால் அடித்துவிடு. கடிதத்தை மடித்துவிட்டு, என் பூஜை அலமாரியை இறக்கிக் கொடுக்கச் சொல்லி நார்மனைக் கூப்பிட்டேன். அடுத்த வருஷம் முதல் சாம்பலும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது என்றேன். அவர் ஏணியில் ஏறப்போனவர் நின்று, "அப்ப இனிமே நான் அதத் தடவி வெக்க வேண்டியதில்ல" என்றார், சற்று நிம்மதியாக.

"எத?"

"சாம்பலத்தான். நீ அவ்ளோ அழகாப் பண்ணி வெச்சுட்டுப் படுப்ப. காலைல தேத்தண்ணி போட வந்தா எதோ பட்டு நடுவுல கலைஞ்சு கெடக்கும். நீ எந்திரிச்சு வந்து பாத்தா மனசு ஒடஞ்சு போயிடுமேன்னு, வெண்ணெய்க் கத்தியால ஒரு தடவு தடவி, முந்தி இருந்த மாதிரியே ஆக்கி வெச்சுருவேன்."

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்தான். இந்த வருஷங்கூட."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எப்படிக் கலைந்திருக்கும் என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்ல. யாரோ உள்ளங்கைய வெச்சு, சூடு இருக்கான்னு பாத்த மாதிரி இருக்கும்" என்றார். காக்கை புகைபோக்கியிலிருந்து எதையாவது தள்ளியிருக்கும் என்பது அவர் எண்ணம். பெர்னார்டும் அதைத்தான் சொல்வார், சொல்லிவிட்டுக் கும்பிடுவார்.

சலவை ரசீதை 'அம்மா' பத்தியில் ஏற்றிவிட்டேன். டாம்சினைச் சனிக்கிழமை கேக் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன், பூனையையும் கூட்டிக்கொண்டு. இனி அவள் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நார்மனோடு மட்டும் பேசுவதில்லை. இருபத்திரண்டு வருஷம் அக்கா! எதையும் நம்பாத அந்த மனுஷனுக்குத்தான் அவள் வருஷா வருஷம் கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.